அடுக்களையில் ஒரு கரும்பலகை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் குடியிருக்கும் வீடு பழைய வீடு. அதன் அடுக்களை 8 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்ட சிற்றறை. சென்ற ஆண்டு அதைப் புதுப்பிக்க முற்பட்டபோது, என் மருமகள் வண்ண அட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அலமாரிக் கதவுகள் யாவும் கருநிறம். அதிலும் பளபளப்புச் சிறிதும் இல்லாத மங்கிய கருமை. "மாமா, இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது" என்றாள். நான் ஒரே சொல்லில் மறுத்துவிட்டேன்.

மறுத்தமைக்குக் காரணம் உண்டு. நான் இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவன். எங்கள் வீட்டு அடுக்களையில் சோளத்தட்டையும் வேலமுள்ளும் வறட்டியும் எரிந்தன. சன்னல் என்று சொல்லத்தக்க ஒன்று அங்கு இல்லை. ஓட்டு இடுக்கில் போனது போக எஞ்சிய புகை முழுவதும் அம்மாவின் கண்ணிலும் நெஞ்சிலும் தங்கியது. பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளை, சித்திரை பிறப்பதற்குள் கறுத்துவிடும். நாட்டில் இண்டேன் எரிவாயு உருளையின் முதல் இணைப்பு 1965ஆம் ஆண்டு கொல்கத்தாவில் தரப்பட்டது. அஃது எங்கள் வீட்டு வாயிலுக்கு வர மேலும் 20 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அம்மாவின் இருமல் நிலைத்துவிட்டது. அடுக்களையினின்று கருமையை விரட்ட ஒரு தலைமுறையே பாடுபட்டிருக்க, அதை விலைகொடுத்து வாங்கி மாட்டுவதா? இதுவே என் சினம்.

மருமகள் வாதாடவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்: "மாமா, உங்கள் பள்ளியில் கரும்பலகை ஏன் கறுப்பாக இருந்தது? ஏன் மினுங்காமல் இருந்தது?"

மாணவர்களே, நான் 35 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துப் பலகைக்குப் பூசும் வேலையை இளம் வகுப்பில் நானே செய்திருக்கிறேன். பூச்சுத் தேய்ந்து பலகை வழவழப்பாகிவிட்டால், சன்னலோரத்து மாணவன் "எழுத்துத் தெரியவில்லை, ஐயா" என்பான். வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. அத்திசையில் இருப்பவன் கண் கூசுகிறது. பரப்பில் நுண்ணிய மேடு பள்ளங்கள் இருப்பின், ஒளி நாற்புறமும் சிதறிக் கூச்சம் நீங்குகிறது. இதை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். என் பாடத்தைக் கொண்டே என்னை மடக்கினாள்.

ஆயினும் நான் முற்றிலும் தோற்றுவிடவில்லை. வெள்ளையடித்த சுவர், தன்மீது விழும் ஒளியில் 100க்கு ஏறத்தாழ 80 பங்கைத் திருப்பித் தருகிறது; கரிநிறக் கதவு 10 பங்குகூடத் தருவதில்லை. எனவே ஒரு சிற்றறையின் நாற்புறமும் கருமையானால், விளக்கு எரிந்தும் அறை இருண்டிருக்கும். அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு இளமையில் வேண்டியதைவிட மிகுதியான ஒளி வேண்டும். ஆதலால் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். இடுப்புக்குக் கீழே உள்ள கதவுகள் கருமை. மேலே சுவர் வெண்மை, திறந்த பலகைத் தட்டுகள் இரண்டு. சன்னலை மறைத்து ஓர் அலமாரி வைக்கத் தச்சர் வரைந்திருந்தார், அதனை அடித்துவிட்டோம். அச்சன்னல் வழியே காலையில் சேர்வராயன் மலை தெரியும். விளக்கையும் கூரையின் நடுவில் வைக்கவில்லை. அங்கு வைத்தால், காய் நறுக்குபவரின் முதுகுக்குப் பின்னிருந்து ஒளி வந்து, அவருடைய நிழலே அரிவாள்மணையின்மேல் விழும். மேல்தட்டின் அடிப்புறத்தில், முகத்துக்கு முன்னே, நீண்ட விளக்கொன்றைப் பொருத்தினோம்.

சமையல் மேடைக் கல்லின் நிறத்தைப் பற்றியும் ஒரு வழக்கு எழுந்தது. கருங்கல்லின்மேல் கடுகு சிந்தினால் தெரியாது. வெண்கல்லின்மேல் அரிசியிலுள்ள கல் தெரியாது. இளஞ்சாம்பல் நிறக் கல்லைத் தேர்ந்தோம். அதில் இரண்டும் ஒருவாறு தெரிகின்றன.

இந்த வேளையில், சிறிய அடுக்களைகளைப் பற்றிப் படிக்கலானேன். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரம், முதல் உலகப்போருக்குப் பின், எளிய குடும்பங்களுக்காகப் பல்லாயிரம் வீடுகளைக் கட்டியது. அவ்வீடுகளுக்கு 1926ஆம் ஆண்டு ஓர் அடுக்களையை வகுத்தளித்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாப் பெண்மணி. கட்டடக்கலையில் பெண்கள் அரிதாயிருந்த காலம் அது. அடுக்களையின் அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் உள்ள சமையலறையைக் கண்டு, குறுகிய இடத்தில் நடை குறைய வேலை செய்யும் வழியை அவர் ஆராய்ந்தார். எந்த வேலைக்கு எத்துணை நேரம் செல்கிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். சன்னலருகே வேலைப்பலகை, அமர்ந்து வேலைசெய்யச் சுழலும் முக்காலி, கூரையில் இடம் மாற்றத்தக்க விளக்கு, மாவில் புழு வராதிருக்க ஓக் மரப் பெட்டி என்று அனைத்தையும் எண்ணி அமைத்தார். அலமாரிகளுக்கு நீலம் கலந்த அழுத்தமான பச்சை பூசப்பட்டது. அந்நிறத்தில் ஈக்கள் அமர்வதில்லை என்று அறிஞர் கூறினராம். ஈயைப் பற்றிய அச்செய்தியை நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அவ்வடுக்களை அமைந்தது. பின்னர் அவர் நாஜி ஆட்சியை எதிர்த்து 1941இல் சிறைப்பட்டு, போர் முடியும் தறுவாயில் மீண்டு, 2000ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

அவ்வடுக்களைக்குக் குறை இல்லாமல் இல்லை. இருவர் சேர்ந்து நிற்க அதில் இடமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சமைக்கவும் வசதியில்லை. அதை வகுத்தபோது தாம் குடும்பம் நடத்தியவரும் அல்லர், சமைத்தவரும் அல்லர் என்று அவ்வம்மையாரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

இதை ஒரு மாலைப்பொழுதில் வீட்டாரிடம் சுவையாக எடுத்துரைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே கேட்டாள்: "அந்த அம்மாள் சமைத்ததில்லை, சரி. நீங்கள் என்றைக்குச் சமைத்தீர்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறத்தைப் பற்றி நானும் மருமகளும் ஒரு திங்கள் வழக்காடினோம். தச்சர் மேடையின் உயரம் கேட்டபோது, எல்லா வீட்டிலும் உள்ளதுபோல் 34 அங்குலம் என்று நானே விடை சொல்லி அனுப்பினேன். நாற்பதாண்டுக்கு மேலாக அதே உயர மேடையில் நின்று சமைத்தவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அளவுநாடாவை எடுத்து வந்தேன். அவளை நிற்கச் செய்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தேன்: 37 அங்குலம். மேடை 34, அதன்மேல் எரிவாயு அடுப்பு 6, அதன்மேல் குழம்புச் சட்டி 8, ஆக 48 அங்குலம். முழங்கைக்கு 11 அங்குலம் மேலே கையைத் தூக்கிக்கொண்டுதான் அவள் நாள்தோறும் கிண்டியிருக்கிறாள். வலத்தோள் வலிக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் தைலம் வாங்கித் தந்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான மாணவர்க்கு அளவியல் கற்பித்தவன், தன் வீட்டில் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்த்ததில்லை. அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 27 அங்குலமாகத் தாழ்த்தினோம். காய் நறுக்கும் பகுதி 33. முழங்கைக்கு ஒரு சாண் அளவுக்குள் தாழ்ந்திருப்பது கைக்கு இதம். மேடை ஒரே மட்டமாக இருந்தால்தான் அழகு என்று தச்சர் முணுமுணுத்தார். அழகு குறைந்தது உண்மைதான். மேடையின் ஓரத்தில், கால் நுழைய இடம்விட்டு, ஒரு முக்காலியும் போட்டோம்.

கருங்கதவுகள் வந்து பொருந்தின. நான் எண்ணியதைவிட நன்றாகவே இருக்கின்றன. அம்மாவின் கற்சட்டியை மேல்தட்டில் வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்தபோது, இரண்டும் ஒரே நிறமாயிருப்பதைக் கண்டேன். மாக்கல்லில் கடைந்த அச்சட்டி, வாங்கியபோது சாம்பல் நிறம். எண்ணெயும் தீயும் பட்டுப் பட்டுக் கறுத்தது. அதை நான் ஒருநாளும் அழுக்கென்று எண்ணியதில்லை.

ஒரு தொல்லையை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் கிணற்று நீர் கடினநீர். கதவின்மேல் ஒரு துளி தெறித்து உலர்ந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் வெள்ளை வளையமாக நின்றுவிடுகின்றன. எண்ணெய்க் கை பட்டால் தடம். அரிசிமாவுக் கை பட்டால் சுண்ணக்கட்டியால் எழுதியது போன்ற தடம். நாரிட்டு அழுத்தித் தேய்க்கலாகாது. தேய்த்தால் நுண்மேடுகள் மழுங்கி, பழைய கரும்பலகைபோல் அவ்விடம் மட்டும் மினுங்கத் தொடங்கும். பிறகு அதை மாற்ற முடியாது. ஈரப் பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் அந்த வேலை என்னுடையது.