கானாவும் கிதாரும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் பேசி வந்த நம்மை, இவ்வாண்டு ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேசுமாறு இளைஞர்கள் கேட்டனர். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று முதலில் மறுத்தோம். பின்னர் அக்குழுவின் பாடல்களைக் கேட்டோம், பலமுறை கேட்டோம்.

2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கூடி அமைத்த குழு அது. 19 பேர், கானாப் பாடகர், ராப் பாடுவோர், கிதார் இசைப்போர், பறையும் சட்டியும் முழக்குவோர். கோட்டும் சூட்டும் அணிந்து நின்ற அவர்களைக் கண்டபோது அண்ணல் அம்பேத்கரின் உருவப்படமே நம் நினைவுக்கு வந்தது. குழுவின் பெயரும் புதிதன்று. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர் வழங்கிய 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லே ஆங்கில உடையில் வந்திருக்கிறது.

கானாவை நம்மிற் பலர் திரைப்படத்தின் வாயிலாகவே அறிவோம். வடசென்னையிலோ, இறந்தார் வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடும் மரண கானா என்றொரு வகை உண்டு. மாண்டவர் எப்படி உழைத்தார், யாரை விட்டுச் சென்றார் என்பதெல்லாம் அங்கே பாட்டாகும். பறையின் கதையும் அதுவே. சாவுக்கு அழைத்தோம், திருமணத்துக்கு விலக்கினோம். அவ்விரண்டையும் விளக்கொளி மிகுந்த மேடையில் கிதாருக்குச் சமமாக நிறுத்தியதே இக்குழுவின் முதற் கலகம். ராக் இசையின் வேரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் உள்ளதாகலின், இதனை ஒட்டுப்போட்ட இசை என்று தள்ளுவதற்கில்லை.

இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினர். மாட்டிறைச்சியைப் பற்றியும் பாடினர். இரண்டாவதைக் கேட்டு நாம் முகம் சுளித்ததை மறைக்க விரும்பவில்லை. பாடல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. சிலவற்றில் முழக்கம் இசையை விழுங்கிவிடுகிறது. ஆனால் ஆண்களின் குரலாகவே இருந்து வந்த கானாவை இசைவாணி பாடக் கேட்டால் அக்குறை மறந்துபோகும். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

அக்குழுவில் பாடிய அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவைச் சுமந்து 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' எழுதிப் பாடினார். நம் குழந்தைகளுக்கும் அது மனப்பாடம். 2022 சூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தது; அறிவு மேடையில் இல்லை.

இந்நகரில் வாழும் நமக்கு இவ்வகைக் கலைஞர் புதியவர் அல்லர். தோளில் கம்பளியும் கையில் கோலுமாகப் பாடிய கத்தரை யார் அறியார்? 1997இல் அவர் சுடப்பட்டார். 2023 ஆகஸ்டில் மறைந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். தெலுங்கில் அப்பாட்டை வியந்து கேட்ட நாம், தமிழில் அதன் உடன்பிறப்பைக் கேட்கத் தயங்கினோம்.

சென்ற ஆண்டு நம் காலனி இளைஞர் மூவர் இவ்விழாவில் பறை வாசிக்க அனுமதி வேண்டினர். "மங்கல விழாவில் சாவு மேளமா?" என்று செயற்குழு மறுத்தது. மறுத்து உயர்ந்த கைகளுள் நம் கையும் ஒன்று. அம்மூவருள் ஒருவரின் பாட்டனார் பறை வாசித்தவர் என்பதை அண்மையில்தான் அறிந்தோம். முப்பது ஆண்டுகள் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தும் அக்குடும்பத்தார் அதனை நம்மிடம் கூறியதில்லை. ஏன் கூறவில்லை என்று கேட்கும் துணிவு நமக்கு இன்னும் வரவில்லை.

இவ்வாண்டு அவர்கள் மீண்டும் வேண்டினர். கைகள் வேறுவிதமாக உயர்ந்தன. மண்டபத்தின் பின்புறம் வைக்கோலை மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். புகை இங்கு வரை வருகிறது. பொருளாளர் மண்டபக்காரரை எண்ணிக் கவலையோடு வாயிலைப் பார்க்கிறார். காய்ந்த தோல் ஆறிவிடுமுன் மேடையை அவர்களுக்கு விட்டு இறங்குகிறோம்.