அலெக்சாந்திரியாவுக்கு ஏன் போக வேண்டும்?



வெளிநாட்டுப் பயணம் என்றால் அது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். தோட்டத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு மத்தியதரைக் கடலைப் பற்றிப் பேசுவதா என்றுகூடக் கேட்போம். ஆனால் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் மருத்துவம் படிப்பதற்காக எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகருக்குச் சென்றிருக்கிறார்கள். நாளை நம் வீட்டுப் பிள்ளையும் போகலாம். பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும், போக இயலாமல் வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கும் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லதுதானே?

கி.மு. 331இல் மாவீரன் அலெக்சாந்தர் தோற்றுவித்த நகரம் இது. கெய்ரோவிலிருந்து ரயிலில் போகலாம். 1856இல் முடிக்கப்பட்ட அந்தப் பாதைதான் ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் ரயில் பாதை.

உலக அதிசயம் ஏழு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அவற்றுள் ஒன்றான கலங்கரை விளக்கம் இங்குதான் நின்றது. நூறு மீட்டருக்கும் உயரமான கோபுரம். அதைப் பார்க்கலாம் என்று போனால் ஏமாற்றமே. 14ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் அது இடிந்து போயிற்று. அந்த இடத்தில் 1477இல் சுல்தான் காயித்பே ஒரு கோட்டை கட்டினார். கோட்டை மதிலருகே நின்றால், கோபுரம் நின்ற மண்ணில்தான் நிற்கிறோம். கோபுரத்தினுடையவை என்று கருதப்படும் பெரும் பாறைக் கற்களை 1994 முதல் முக்குளிப்போர் கோட்டையை ஒட்டிய கடலடியில் கண்டறிந்திருக்கிறார்கள்.

நமக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடன் பத்திரம் இன்று வியன்னா நகரில் இருக்கிறது. சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கைப் பற்றியது அது. சரக்கில் யானைத் தந்தம் இருந்தது. கங்கைக் கரைச் சடாமாஞ்சியும் இருந்தது. செங்கடலில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடத்தி, நைல் நதிவழியே அலெக்சாந்திரியா கொண்டு சேர்க்க வேண்டும். அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கவரி! வரி கட்டிய பிறகும் அந்த வியாபாரம் கட்டுபடியாயிற்று என்றால் இலாபத்தை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நூலகம். பழைய அலெக்சாந்திரியா நூலகம் ஒரே நாள் தீயில் எரிந்து சாம்பலானது என்று பலரும் சொல்வார்கள். கி.மு. 48இல் சீசரின் படையெடுப்பின்போது தீப்பிடித்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகும் கற்றோர் அந்நகரில் இருந்தார்கள். ஆதரிப்பார் குறைய, கவனிப்பார் குறைய, நூற்றாண்டுக் கணக்கில் அது மெல்ல மெல்லத் தேய்ந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. நம் தோட்டப் பள்ளி அலமாரிகளில் கறையான் செய்கிற வேலையும் அதுதான். தீயை விட அமைதியாகச் செய்கிறது. 2002இல் அதே கடற்கரையில் புதிய நூலகம் திறக்கப்பட்டது. அதன் வெளிச்சுவர் கருங்கல்லில் உலக எழுத்துகள் பலவற்றைச் செதுக்கியிருக்கிறார்கள். நகரில் ஓர் இடத்துக்கு மட்டும் நேரம் இருந்தால் இங்கே போக வேண்டும் என்போம்.

பழைய நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ் என்பவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். தெற்கே இன்றைய அஸ்வான் நகரில், ஜூன் மாதத்து நெடும்பகல் நாளின் உச்சிப் பொழுதில் நிழலே விழுவதில்லை என்று கேள்விப்பட்டார். அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினார்; கணக்கு முடிந்தது. இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அவர் கண்ட விடை அதற்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. கையில் இருந்தது நிழலும் வகுத்தலும் மட்டுமே.

இதைப் பிள்ளைகள் இங்கேயே செய்து பார்க்கலாம். கோலாலம்பூர் வட்டாரத்தில் மார்ச் 28ஆம் தேதி வாக்கிலும், செப்டம்பர் நடுவிலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். கடிகாரத்தில் அப்போது பன்னிரண்டு அல்ல, ஒன்றேகால் மணி அளவில் இருக்கும். பள்ளித் திடலில் ஒரு குச்சியை நேராக நட்டுக் காத்திருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிக் குச்சியின் அடியிலேயே மறைந்துவிடும். அலெக்சாந்திரியாவில் ஆண்டு முழுவதும் காத்திருந்தாலும் அந்தக் காட்சி கிடைக்காது.