விக்டோரியா அரங்கமும் நம் வீட்டுப் பரணும்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நேரத்துக்குள் கணக்கை முடித்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் விக்டோரியா பொது அரங்கம். 1883ல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தவர் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவையொட்டி அவர் பெயரை வைத்தார்கள்.

நிலம் 57 கிரவுண்டு, 99 வருடக் குத்தகை. கிரவுண்டுக்கு ஆண்டு வாடகை 8 அணா. பழைய பழக்கம் விடவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 28 ரூபாய் 8 அணா. 99 வருடத்துக்கும் சேர்த்து 2,821 ரூபாய் 8 அணா. நம் வீடுகளின் ஒரு மாதப் பராமரிப்புத் தொகையே அதைவிட அதிகம்! ஊர் மக்கள் கூடுவதற்கான இடம் என்பதால்தான் அவ்வளவு மலிவு.

மக்களும் கூடினார்கள். 1897ல் சுவாமி விவேகானந்தர் அங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா அங்கே நாடகம் போட்டது. பகலில் வக்கீலாகவும் உத்தியோகஸ்தராகவும் இருந்தவர்கள் மாலையில் வேஷம் கட்டினார்கள். பிற்காலத்தில் கவனிப்பார் இல்லாமல் அரங்கம் பூட்டிக் கிடந்தது. அருங்காட்சியகமும் கலையரங்கமும் அமைப்பதற்காக, சுமார் 32 கோடி ரூபாயில் அதைப் புதுப்பிக்கும் வேலையை மாநகராட்சி 2023ல் தொடங்கியது.

இனி நம் கதைக்கு வருகிறேன். சுவரையும் கூரையும் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். அங்கே வந்து போன மனிதர்களின் டிக்கெட்டும் நோட்டீசும் கடிதமும் எந்தக் கடையில் கிடைக்கும்? அவை வீடுகளில்தான் இருக்கின்றன. என் வீட்டிலும் இருந்தன.

என் தாத்தா சபா நாடகங்களைத் தவறவிடாதவர். நோட்டீசுகளைத் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அப்பா அதைத் தொடவே விடமாட்டார். அப்பா காலமான பிறகு புரசைவாக்கம் வீட்டைக் காலி செய்து இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது, வைக்க இடமில்லை என்று பழைய பேப்பர் கடைக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். முப்பது ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. ஆயிரம் ரூபாய் குறைந்தால் இரவு வரை உட்கார்ந்து தேடியவன், அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்துகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இந்த அரங்கமோ, உங்கள் சொந்த ஊர் நகர மன்றமோ, எங்கே நினைவு மையம் வந்தாலும் அதற்கு வேண்டியது உங்கள் பரணில் இருக்கலாம். சில யோசனைகள் மட்டும் சொல்கிறேன்.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. புகைப்படத்தின் பின்புறம் யார், எங்கே, எந்த வருடம் என்று பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். யாருக்குக் கொடுத்தாலும் எழுத்தில் ரசீது வாங்குங்கள். நன்கொடையா, இரவலா என்று அதில் தெளிவாக இருக்கட்டும். கொடுக்கும் முன் ஒரு ஸ்கேன் எடுத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்யுங்கள். அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த மாதம் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் கம்யூனிட்டி ஹாலில் மேசை போட்டு உட்காரப் போகிறேன். உங்களிடம் இருப்பதைக் கொண்டுவந்து காட்டுங்கள். எதையும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டேன். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்வேன், அவ்வளவுதான். புது லெட்ஜர் ஒன்று வாங்கிவிட்டேன். முதல் பதிவையும் போட்டாயிற்று: "தகரப் பெட்டி ஒன்று. எடைக்குப் போடப்பட்டது."

இரண்டாவது பதிவு உங்களுடையதாக இருக்கட்டும்.