பூட்டிய பெட்டியும் நம் கைப்பேசியும்

(நிபோங் திபாலில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்துமேடையில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரை)



என் பாட்டி ஜாவி பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அரசியல் பேச்சு எழுந்தால் உடனே குரலைத் தாழ்த்துவார். "மெதுவா பேசு, மாத்தா காதுல விழப் போகுது" என்பார். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்! சிறு வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானது. 12 வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் அடையாளக் கார்டு கட்டாயமானது அந்த ஆண்டில்தான். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். சங்கம் என்று வாய் திறக்கவே தோட்டத்து மக்கள் அஞ்சியதில் வியப்பென்ன?

1952இல் தஞ்சோங் மாலிமில் நடந்ததைக் கேளுங்கள். பயங்கரவாதிகளின் தாக்குதலில் 12 பேர் மாண்டனர். உடனே ஜெனரல் டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். பிறகு வீடு வீடாக ஒரு தாள் வந்தது. தெரிந்த கம்யூனிஸ்டுகளைப் பற்றி எழுதுங்கள், உங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். தாள்கள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூர் போயின. அண்டை வீட்டுக்காரர் யார் பெயரை எழுதினார்? அந்தச் சந்தேகத்தை எந்த ஊரடங்குத் தளர்வும் போக்காது.

1960இல் வந்த இசா சட்டம் 2012இல் நீங்கியது. அதனிடத்தில் வந்த சொஸ்மா சட்டத்தின்படி தொலைபேசியை ஒட்டுக்கேட்க நீதிபதியின் உத்தரவு தேவையில்லை. அரசாங்கத் தலைமை வழக்கறிஞரின் அனுமதி போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 கடைக்காரரைக் கட்டுப்படுத்துகிறது, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. இது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

2025 ஜூனில் ஒரு செய்தி வெளியானது. அவ்வாண்டின் முதல் மூன்று மாத அழைப்பு, இணையப் பதிவுகளைத் தொடர்பு பல்லூடக ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டிருந்தது. சுற்றுப்பயணத் துறை போன்றவற்றின் புள்ளிவிவரத்துக்குத்தான், பெயர் எதுவும் இல்லை என்று ஆணையம் விளக்கியது. அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 2013இல் 15 லட்சம் பேரின் கைப்பேசிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஒருவர் எந்த நேரத்தில் எங்கிருந்தார் என்று நான்கு தடவை தெரிந்தாலே 100க்கு 95 பேரைத் தனித்துக் காட்டலாம் என்று கண்டார்கள். இரவெல்லாம் உங்கள் கைப்பேசி எந்தத் தெருவில் கிடக்கிறதோ அதுதானே உங்கள் வீடு? காலையில் போய்ச் சேரும் இடம் உங்கள் வேலையிடம். இரண்டு தடவை அதிலேயே முடிந்துவிட்டது.

பாட்டி இன்றிருந்தால் கைப்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் பேசியிருப்பார்.