இரைச்சலுக்கு ஓர் எல்லை



பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் உள்ளது நல்லேப்பிள்ளி. கேரள மண்ணாயினும் அவ்வட்டாரத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. 1966-இல் கோவை வானொலி நிலையம் தோன்றுமுன், 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையம் போன்ற தொலைவு நிலையங்களின் குரலையே அவர்கள் நாட வேண்டியிருந்தது. நெடுந்தொலைவு கடந்து மெலிந்து வரும் குரலை அண்டை வீட்டு மின்மோட்டாரின் கரகரப்பு எளிதில் விழுங்கிவிடும். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நாமும் இத்துன்பத்தை அறிவோம். இக்கரகரப்புக்கு எல்லை வகுக்கப்பட்டது எவ்வாறு என்பதை இன்று காண்போம்.

மார்க்கோனி முதன்முதலில் செய்தி அனுப்பியது மின்பொறியைக் கொண்டே. ஆகவே மோட்டாரில் பொறி எழுந்தால் அதுவும் ஒரு சிறு ஒலிபரப்பியாகிவிடுகிறது. ஒலிபரப்பு பரவியபோது நாடுகள் இதைத் தடுக்க முனைந்தன. ஆனால் ஒவ்வொரு நாடும் ஒவ்வோர் அளவு விதித்தால், ஒரு நாட்டில் செய்த கருவியை மற்றொரு நாட்டில் விற்பது எங்ஙனம்? இதனை ஆராய 1933-இல் பாரிஸில் ஒரு மாநாடு கூடிற்று. அதன் பயனாக அமைந்த சர்வதேசக் குழு 1934-இல் முதன்முறை கூடியது. அதன் பிரெஞ்சுப் பெயரைச் சுருக்கி 'சிஸ்பர்' என்பர்.

இரைச்சலை அளப்பது எப்படி என்பதே முதற் சிக்கல். எப்போதோ ஒருமுறை எழும் 'டக்' என்னும் ஒலியைச் செவி பொறுக்கும். இடைவிடாத கரகரப்பைப் பொறாது. எனவே, அடுக்கடுக்காக வரும் இரைச்சலுக்கு அதிக மதிப்பும் அரிதாக வருவதற்குக் குறைந்த மதிப்பும் காட்டும் அளவுகருவியை வகுத்தனர். மனிதச் செவியின் எரிச்சலே அளவுகோலாயிற்று.

பின்னர் மின்னணுக் கருவிகள் பெருகின. வீட்டுக் கணினிகளும் விளையாட்டுப் பெட்டிகளும் தொலைக்காட்சியைக் கலைக்கவே, 1979-இல் அமெரிக்கா அவற்றுக்கு வரம்பு விதித்தது. 1985-இல் 'சிஸ்பர் 22' என்னும் தரம் வெளிவந்தது. அதன்படி, வீட்டுக்குரிய கருவி மின்கம்பி வழியே மத்திய அலையில் வெளிவிடும் இரைச்சல் ஏறக்குறைய 630 மைக்ரோவோல்ட்டைத் தாண்டலாகாது என்றிருந்தது. மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஒன்றை இங்கு மறத்தலாகாது. எல்லை என்பது மௌனம் அன்று. கருவி செய்வோனுக்கும் வானொலி கேட்போனுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையே ஆகும். ஒலிபரப்பு போதிய வலிமையுடன் எட்டும் இடத்தைக் கருதியே அது வகுக்கப்பட்டது. தாய்மொழியைத் தொலைவிலிருந்து கேட்கும் நம்மை அது முழுதும் காப்பதில்லை. விதிக்கு உட்பட்ட எல்.இ.டி. விளக்கும் நமது நிலையத்தை மறைத்துவிடக்கூடும்.

ஆதலின் நம்மாலியன்றதைச் செய்வோம். வானொலிப் பெட்டியை மின்கலத்தில் இயக்கி, சுவர்க் கம்பிகளிலிருந்து விலக்கி வைப்போம். பெட்டியை மெல்லத் திருப்பினால் இரைச்சல் தணியும் திசை புலப்படும். விளக்குகளையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். அவன் அண்டை வீட்டில் இருப்பின், சினவாமல் எடுத்துரைப்போம். நம் வீட்டுக் கருவியும் அவர் செவியைக் கெடுக்கலாமன்றோ?