விரல் இல்லாமல் விசை தட்டுதல்



பள்ளி, உதவிநிதி, வேலை என்று எதற்கும் இன்று இணையத்தில் பாரம் பூர்த்தி செய்ய வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் பலரின் பெயரில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று ஒரு சாய்கோடு உண்டு. அந்தக் கோட்டை ஏற்காத பாரம், ‘பெயர் தவறு’ என்று சொல்லிவிடும். குற்றம் பிள்ளையுடையது அன்று. பாரம் சரிவரச் சோதிக்கப்படவில்லை.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? ஒரே பாரத்தை ஓர் ஆள் ஆயிரம் முறை தட்டிப் பார்க்க முடியாது. ஆகவே, உலாவியை மனிதனைப் போல் இயக்கும் மென்பொருள்கள் தோன்றின. அவற்றுள் பெயர் பெற்றது செலினியம். 2004-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் அதைத் தொடங்கினார். இவ்வகை இயக்கத்துக்கு உலாவிகள் அனைத்துக்கும் பொதுவான தரம் ஒன்று 2018-இல் வகுக்கப்பட்டது.

கட்டத்தில் பெயரை நிரப்ப இரு வழிகள் உண்டு. முழுப் பெயரையும் ஒரேயடியாக உள்ளே வைத்துவிடுவது ஒன்று. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல. பால்மரத்தை எண்ணிப் பாருங்கள். வாளிப் பாலை மங்கில் ஊற்றினாலும் மங்கு நிறையும். ஆனால் வெட்டுக்கோடு சரியா, தகரம் சரியா என்பது தெரியுமா? பால் தன் வழியே வடிந்து வந்தால்தான் தெரியும்.

விசைப்பலகையும் அப்படித்தான். விசை அழுந்துகிறது, எழுத்து விழுகிறது, விசை எழுகிறது. ஒவ்வொரு படியிலும் பக்கத்துக்குத் தகவல் போகிறது. சாய்கோட்டைத் தடுக்கும் கட்டளை அங்கே ஒளிந்திருக்கலாம். பெயரை நேராக வைத்தால் அந்தக் கட்டளை விழிக்காது; சோதனை வெற்றி என்று வரும். பிள்ளை தட்டும்போதோ எழுத்து விழாது.

பக்கத்துக்குள்ளிருந்தே ‘விசை அழுந்தியது’ என்று பொய்த் தகவல் அனுப்பினாலும் பயனில்லை. அது நம்பத்தக்கதன்று என உலாவி குறித்துவைக்கும். கட்டத்தில் எழுத்தும் விழாது. ஆகவேதான் செலினியம் போன்றவை உலாவிக்கே கட்டளையிட்டு விசையைத் தட்டச் செய்கின்றன.

எனினும், சொன்னதை மட்டுமே அது தட்டும். சோதிப்பவர் சாய்கோடுள்ள பெயரைக் கொடுக்காவிட்டால் குறை வெளிப்படாது. நம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வந்தால், அந்தப் பெயரை மறக்க மாட்டார்கள் அல்லவா?

அதுவரை, பாரம் மறுத்தால் பெயரை உங்கள் விருப்பப்படி மாற்றாதீர்கள். திரையில் வந்த வாசகத்தை எழுதிக்கொண்டு, அடையாள அட்டையுடன் உரிய அலுவலகத்தில் கேளுங்கள்.