படத்தின் பின்பக்கம்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் பேசாலையில் ஆற்றிய உரை)



வைத்தியரை அழைத்தால் நீரிழிவு பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதைக் கிளினிக்கில் பேசிக்கொள்வோம். நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் தேடித் திரியும் இந்நாட்களில், புகழ்பெற்ற போர்ப் படப்பிடிப்பாளர் ஒருவரின் படங்களை உலகம் எப்படிச் சேர்த்து வைத்தது என்று சொல்ல விரும்புகிறோம். அதில் எமக்கும் பாடம் உண்டு.

அவர் பெயர் ரொபேர்ட் கப்பா. 1913 இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போர், நோர்மண்டித் தரையிறக்கம் எனப் பல களங்களைப் படமெடுத்தார். 1954 மே 25 இல் வியட்நாமில் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார். அப்போது வயது நாற்பது.

அவருடைய படங்களைச் சேகரிப்போர் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள். எந்த நிறுவனத்தின் முத்திரை, என்ன குறிப்பு, எந்த ஆண்டுக் கடதாசி என்று ஆராய்கிறார்கள். படமெடுத்த காலத்திலேயே அச்சிட்ட பிரதிக்கு ஒரு மதிப்பு. அதே நெகடிவிலிருந்து பல ஆண்டுகள் கழித்து அச்சிட்டதற்கு வேறொரு மதிப்பு. நோயாளியைத் தொடுமுன் அவரது வரலாற்றைக் கேட்கும்படி எமக்குக் கற்பித்தார்கள். இவர்கள் செய்வதும் அதுவே.

பின்பக்கம் பொய்யும் சொல்லும். கப்பாவோடு ஸ்பெயினில் படமெடுத்தவர் கெர்டா டாரோ என்ற பெண். 1937 இல், இருபத்தாறு வயதில், புரூனெட்டே போர்முனையில் காயமடைந்து இறந்தார். அவர் எடுத்த படங்களில் சில நெடுங்காலம் கப்பாவின் பெயரிலேயே கிடந்தன. 1939 இல் கப்பா பாரிசைவிட்டு வெளியேறியபோது விட்டுச்சென்ற நெகடிவ்கள் கைமாறிக் கைமாறி மெக்சிக்கோ நகரம் போய்ச் சேர்ந்தன. மூன்று பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 நெகடிவ்கள், 2007 டிசம்பரில் நியூயோர்க்கிலுள்ள சர்வதேசப் படப்பிடிப்பு நிலையத்தை வந்தடைந்தன. அவற்றைக் கொண்டுதான் எது கெர்டாவின் படம் என்று பலவற்றில் பிரித்தறிய முடிந்தது. பெண்பிள்ளையின் உழைப்புக்கு அவள் பெயர் வந்துசேர எழுபது ஆண்டுகள்! பெண்கள் பாடசாலையில் படித்த நாம் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கப்பாவின் மிகப் புகழ்பெற்ற படம், 1936 இல் ஸ்பெயினில் குண்டுபட்டுச் சாயும் போர்வீரனின் படம். அதன் நெகடிவ் அந்தப் பெட்டிகளிலும் இல்லை. எந்த ஊரில் எடுத்தது, உண்மையில் நிகழ்ந்ததா, நடித்துக் காட்டியதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. இடமும் நாளும் பெயரும் உறுதியாகப் பதிவாகியிருந்தால் இந்த வாதத்தில் பாதி எழுந்திராது.

அடுத்தது முக்கியமானது. கப்பாவின் தம்பி கோர்னெல், எழுபதாயிரம் அளவிலான நெகடிவ்களிலிருந்து 937 படங்களைத் தெரிவுசெய்வதில் பங்கேற்றார். அவற்றை ஒரே மாதிரி மூன்று தொகுதிகளாக அச்சிட்டார்கள். ஒன்று நியூயோர்க்கில், ஒன்று டோக்கியோவில். மூன்றாவதை ஹங்கேரி அரசு 2008 இல் வாங்கித் தன் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்தது. இளவயதில் ஊரைவிட்டுப் போன பிள்ளை, படங்களாக வீடு திரும்பினான். ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் மற்ற இரண்டு இடங்களில் இருக்கும். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஏடுகளுக்கு வேறு பிரதி எங்கே?

அன்பானவர்களே, எமது கரையிலும் போர் நடந்தது. வன்னியில் மக்களோடு மக்களாக வாழ்ந்து படமெடுத்த கவிஞர் அமரதாஸ் போன்றோர் எம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் பேசாலைக்கென்று ஒரு கப்பா இல்லை. 1990 இல் மடுவுக்கும் கடல் கடந்து இராமேஸ்வரத்துக்கும் போனபோது அடையாள அட்டையையும் உறுதியையும் எடுத்தோம், அல்பத்தை எடுக்க யாருக்குக் கை வந்தது? 2006 ஜூன் 17 இல், வெற்றி அன்னையின் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது குண்டு வீசப்பட்ட அந்தக் காலையை எத்தனை வீடுகள் எழுதி வைத்திருக்கின்றன?

எமது நாட்டில் விலைமதிக்க முடியாத பிரதிகள் எவை தெரியுமா? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவில் நின்று நெஞ்சோடு பிடித்திருக்கும் பாஸ்போட் அளவுப் படங்கள்தான். பலருக்குப் பிள்ளையின் வேறு படமே கிடையாது. அந்தத் தாய்மாருக்கு வயது போகிறது. அவர்களோடு பெயரும் நாளும் போய்விடக் கூடாது.

ஆகவே சில வேண்டுகோள்கள். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார் என்று எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். பேனை மை ஊறிவிடும். ஒட்டுநாடாவும் பசை பூசிய அல்பமும் படத்துக்கு நஞ்சு. உப்புக்காற்றும் ஈரமும் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். வெளிச்சுவரில் தொங்கவிடாமல், உலர்ந்த அலுமாரியில் கடதாசி உறையிலிட்டு வையுங்கள், கறையானையும் பாருங்கள். பிறகு ஸ்கான் செய்து மூன்று இடங்களில் சேமியுங்கள்: வீட்டில் ஒன்று, வெளிநாட்டுச் சொந்தத்திடம் ஒன்று, பாடசாலையில் ஒன்று. 2005 முதல் எமது ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தையும் நாடலாம். மூலப்படம் வீட்டுக்காரருக்கே சொந்தம், வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. நோயாளியின் படத்தை அவர் சம்மதமின்றி நாம் எவருக்கும் காட்டுவதில்லை. காயத்தோடும் மரணத்தோடும் உள்ள படங்களுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். அந்த உடலுக்கு ஒரு தாய் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் முகநூலில் போடுவது சேகரிப்பு ஆகாது.

மூத்த அக்காமாரே, வகுப்புப் படங்களில் நிற்கும் முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இன்று நீங்கள்தான். தேநீர் இடைவேளையில் தங்கைமார் பென்சிலோடு உங்களிடம் வருவார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.